பழைய மாருதி 800-க்கு பெட்ரோல் டேங்க் மாத்துறது, சைலன்சர் சரி பண்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்ல நிக்கிறது 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி, அப்பா புதுசா எடுத்தது. ஊர் தூத்துக்குடி. உப்பளக் காத்துல இரும்பு என்ன பாடு படும்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அது போதாதுன்னு 2023 டிசம்பர் 17, 18 மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே அந்த மழைதான், அதுல வண்டி ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. அப்போ சரி பண்ணி ஓட்டிட்டோம், ஆனா அடுத்த வருஷமே டேங்க் கசிய ஆரம்பிச்சிருச்சு, கூடவே சைலன்சரும் ஓட்டை. ரெண்டையும் மாத்தி முடிச்சதுல இருந்து பழைய வண்டி வச்சிருக்கற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இதே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்ப கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். அம்பாசடர், பத்மினி, பழைய ஜென் வச்சிருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

வண்டிக்குள்ள பெட்ரோல் வாசனை வருது. டேங்க்தான் போச்சுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

முதல்ல எப்போ வருதுன்னு கவனிங்க. ஃபுல் டேங்க் போட்ட அன்னைக்கு மட்டும் வாசனை வந்து ரெண்டு நாள்ல நின்னு போச்சுன்னா கசிவு டேங்க்கோட மேல்பக்கம் இருக்கு. டேங்க்குக்கும் வண்டி ஃப்ளோருக்கும் நடுவுல இருக்கற சந்துல மண்ணும் ஈரமும் போய் அடைஞ்சுக்கும், அது காயவே காயாது, அதனால கீழ்பக்கம் பளிச்சுன்னு இருக்கும், மேல்பக்கம் அரிச்சுப் போயிருக்கும். எங்க வண்டியில அப்படித்தான், அடியில படுத்துப் பாத்த மெக்கானிக் அண்ணாச்சி டேங்க் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி எழுந்துட்டாரு, இறக்கிப் பாத்தப்போ மேல விரல் வச்சா பொத்துக்குது.

ஆனா எல்லா வாசனையும் டேங்க் இல்ல. பெட்ரோல் ஊத்துற வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவுல ஒரு தடிச்ச ரப்பர் ஹோஸ் இருக்கு, அது வெடிச்சிருந்தா பெட்ரோல் போடும்போது மட்டும் சொட்டும். டேங்க் யூனிட், அதாவது மீட்டருக்கு அளவு காட்டுற மிதவை, அதோட பேக்கிங் போயிருந்தாலும் ஃபுல் டேங்க்ல கசியும். இன்ஜின் பக்கம் ஏசி பம்ப், அதாவது டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்கற பம்ப், அதோட டயாஃப்ரம் (உள்ள இருக்கற ரப்பர் தகடு) கிழிஞ்சிருந்தா பெட்ரோல் ஆயிலுக்குள்ள இறங்கும், டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா பிரச்சனை அங்க. இதெல்லாம் பாத்துட்டு அப்புறம் டேங்க்குக்கு வாங்க.

டேங்க்ல சின்ன ஓட்டைதான். வெல்டிங் வச்சு அடைச்சா என்ன?

வைக்காதீங்க. மத்த எந்த கேள்விக்கும் நான் சொல்றதை நீங்க ஏத்துக்கலைன்னாலும் பரவாயில்ல, இதை மட்டும் ஏத்துக்கோங்க.

ஃபுல்லா பெட்ரோல் இருக்கற டேங்க்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. எரியறது திரவம் இல்ல, ஆவி. காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா ஒரு பொறி போதும், காலி டேங்க்குக்குள்ள இருக்கறது பெரும்பாலும் அந்த மாதிரி கலவைதான். பெட்ரோல் ஆவியாகறதுக்கு சூடும் தேவையில்ல, மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடும், நம்ம ஊர் வெயிலை நினைச்சுப் பாருங்க.

கழுவிட்டு, தண்ணி ரொப்பிட்டு, அப்புறம் வெல்டிங் வைக்கிறோமேன்னு சொல்வாங்க. டேங்க் ஓரத்துல ரெண்டு தகடு சேர்ற மடிப்பு இருக்கு, உள்ள துரு பொருக்கு இருக்கு, நடுவுல தடுப்புத் தகடு இருக்கு, அங்கெல்லாம் பெட்ரோல் ஊறிப் போய் உக்காந்திருக்கும். சோப்பு போட்டு கழுவினா வாசனை போயிடும், ஆனா வெல்டிங் சூடு பட்டதும் அந்த மடிப்புல இருந்து ஆவி திரும்ப கிளம்பும். எனக்கு தெரிஞ்ச ஒரு பட்டறையில ரெண்டு நாள் தண்ணி ஊத்தி வச்சு கழுவுன டேங்க்கைத்தான் பத்த வச்சாங்க, டமால்னு ஒரு சத்தம், டேங்க் பலூன் மாதிரி உப்பி மடிப்பு பிரிஞ்சு போச்சு, வேலை செஞ்ச பையனுக்கு முகத்துலயும் முழங்கையிலயும் தீக்காயம். பொழைச்சது பெரிய விஷயம். ஓட்டை அடைக்கிறவருக்கு கிடைக்கிற கூலி என்ன, அவர் பணயம் வைக்கிறது என்னன்னு யோசிங்க. நம்ம காசு மிச்சமாகணும்னு இன்னொருத்தரை அந்த வேலை செய்ய வைக்கவே கூடாது.

சில ஊர்ல ரேடியேட்டர் கடைக்காரங்க நீராவி அடிச்சு சுத்தம் பண்ணி ஈயம் வச்சு அடைப்பாங்க, அது பழகுன கை. ஆனாலும் ஒரு இடத்துல பொத்துகிச்சுன்னா பக்கத்துல நாலு இடம் பொத்துக்கிற நிலையில இருக்குன்னுதான் அர்த்தம், இன்னைக்கு அடைச்சா அடுத்த மாசம் பக்கத்துல கசியும்.

பார் சோப்பு தடவினா நிக்குதே, எம்-சீல் வச்சா நிக்குதே?

நிக்கும், வீடு போய் சேர்ற வரைக்கும். சோப்பு பெட்ரோல்ல கரையாது, அதனாலதான் அந்தக் காலத்து லாரி டிரைவருங்க 501 சோப்பை ஒரு துண்டு வண்டியில வச்சிருப்பாங்க, ஓட்டை மேல வச்சு அழுத்தித் தேச்சா கசிவு அடங்கும். மழையில நனைஞ்சா போயிடும். எம்-சீல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஆனா பெட்ரோல் ஈரம் இருக்கற தகட்டுல அது சரியா ஒட்டாது, வண்டி அதிர்வுல ஓரம் விட்டுரும். டேங்க் கிடைக்கிற வரைக்கும்னா சரி, அதோட நிறுத்திக்கணும், டேங்க்கும் பாதிக்கு மேல ரொப்பக் கூடாது.

டேங்க் வேற, சைலன்சர் வேற. ரெண்டையும் ஏன் ஒண்ணா செய்யச் சொல்றீங்க?

ரெண்டும் வண்டிக்கு அடியில பக்கத்து பக்கத்துல போகுது, அதனாலதான். சைலன்சர் ஓட்டைன்னா பட்டறையில வண்டியில வச்சே ரெண்டு இடத்துல வெல்டிங் வச்சு குடுத்துருவாங்க, அந்த பொறி பறக்கற இடத்துல இருந்து டேங்க் ஒரு முழம் தள்ளி இருக்கும். அந்த டேங்க் கசியற டேங்க்னா? கசிவு மேல்பக்கம் இருந்தா பாக்குறவர் கண்ணுக்கே தெரியாதுன்னு மேல சொன்னேன்ல.

அதனால வரிசை இதுதான்: முதல்ல பெட்ரோலை எடுத்து டேங்க்கை இறக்கி பட்டறையை விட்டே வெளியில கொண்டு போய் வைக்கணும், வண்டியில இருக்கற பெட்ரோல் பைப் வாயெல்லாம் அடைச்சிரணும், பெட்ரோல் கேனும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு அப்புறம் சைலன்சர் வேலை, வெல்டிங் எல்லாம். அதெல்லாம் முடிஞ்சு இரும்பு ஆறி, கடைசியா டேங்க் ஏத்தணும். டேங்க் இல்லாம இருந்தா பின்பக்க பைப்பும் அதோட கொக்கிகளும் கைக்கு எட்டும், மேல ஃப்ளோர் துருவும் கண்ணுக்கு தெரியும், அதை சுரண்டி பிரைமர் அடிக்கலாம், எங்க வண்டியில ஹேண்ட் பிரேக் கேபிள் கூட அரைகுறையா அறுந்திருந்ததை அப்போதான் பாத்தோம். எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சதுல கூலியும் மிச்சம். வெல்டிங் வைக்கிற எந்த வேலைக்கும் முன்னாடி பேட்டரி கம்பியை கழட்டிடுங்க.

புது டேங்க் கிடைக்குமா, பழசு வாங்கலாமா?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னு போச்சு, ஆனா லட்சக்கணக்குல ஓடுன வண்டிங்கறதால ஸ்பேர் இன்னும் கிடைக்குது. கம்பெனி டேங்க் அகப்பட்டா யோசிக்காம எடுங்க, வேற பிராண்டு டேங்க்னா தகட்டோட கனம், பைப் வர்ற இடம் எல்லாம் பழசோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க. கார்பரேட்டர் மாடல் டேங்க் வேற, 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்கு பதிலா பெட்ரோலை பீச்சி அடிக்கற) மாடல் டேங்க் வேற, எம்பிஎஃப்ஐ-ல பம்ப் டேங்க்குக்குள்ளயே இருக்கும், கடையில மாடல் வருஷம் சொல்லாம கேட்டா எதையாவது குடுத்து அனுப்பிருவாங்க.

பழசு வேணும்னா சென்னையில புதுப்பேட்டை, கோயம்புத்தூர்ல உக்கடம், மத்த ஊர்ல வண்டி பிரிக்கிற இடங்கள். நான் பழசுதான் வாங்கினேன், 1800 சொன்னாங்க, 1300-க்கு முடிஞ்சுது. வாங்கும்போது மேல்பக்க பெயின்ட் உரிஞ்சிருக்கான்னு பாத்தா மட்டும் போதாது, யூனிட் கழட்டின ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள பாக்கணும். எல்இடி டார்ச் மட்டும், தீப்பெட்டி கொளுத்திப் பாக்கற ஆள் இன்னும் இருக்காங்க, நான் நேர்ல பாத்து கையைப் புடிச்சிருக்கேன். உள்ள லேசா பழுப்பு இருந்தா சுத்தம் பண்ணிக்கலாம், பொருக்கு பொருக்கா உரிஞ்சு வந்தா வேண்டாம். கேஸ் கிட் போட்ட வண்டியோட டேங்க்கா இருந்தா இன்னும் கவனமா பாருங்க, அதுல பெட்ரோல் எப்பவும் அடியில கொஞ்சமா கிடக்கும், மேல முழுக்க காத்து, அந்த ஈரம் வேர்த்து வேர்த்து உள்பக்கம் துரு ஏறியிருக்கும்.

பழைய டேங்க் உள்ள துருவை எப்படி எடுக்கிறது?

பெட்ரோல் வாடை சுத்தமா போற வரைக்கும் சோப்புத் தண்ணியில பல தடவை அலசிட்டு, ஒரு கைப்பிடி நட்டு இல்லன்னா ஒரு சைக்கிள் செயின் உள்ள போட்டு கொஞ்சம் தண்ணியோட நல்லா குலுக்கணும், ரெண்டு ஆள் வேணும். அப்புறம் வினிகர் ஊத்தி ஒரு நாள், துரு அதிகம்னா ரெண்டு நாள் வச்சு கொட்டிட்டு, ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே காய வைக்கணும். இந்த உடனேங்கறது முக்கியம், ஈரத்தோட விட்டா சாயங்காலத்துக்குள்ள திரும்ப செம்மண் கலர்ல துரு வந்துரும். காய்ஞ்சதும் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்தி சுத்தி ஆட்டி கொட்டிட்டா வேலை முடிஞ்சது. போட்ட நட்டை எண்ணிப் போடுங்க, எண்ணி எடுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற பெட்ரோலை எப்படி எடுக்கிறது?

ஓட்டி ஓட்டி குறைச்சுட்டு வாங்க, அதுதான் நல்ல வழி. 28 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருந்தா பெட்ரோலே 20 கிலோ கனம், அதை படுத்துக்கிட்டு இறக்க முடியாது. மிச்சத்தை அடியில டிரெய்ன் போல்ட் இருந்தா அது வழியா, இல்லன்னா கைப்பம்ப் ட்யூப் போட்டு எடுங்க. வாய் வச்சு உறிஞ்சாதீங்க. நம்ம ஊர்ல இது சர்வ சாதாரணமா நடக்குது, ஆனா ஒரு மடக்கு பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வரைக்கும் போகும். யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, வாந்தியில திரும்ப நுரையீரலுக்குள்ள போகும், நேரா ஆஸ்பத்திரி. எடுத்த பெட்ரோலை குடிதண்ணி கேன்ல ஊத்தாதீங்க, பெட்ரோலுக்குன்னு இருக்கற மூடி போட்ட கேன், வெயில் படாத இடம்.

இதை வீட்லயே செய்யலாமா?

ஸ்பேனர் புடிச்சு பழக்கம் இருந்து, கூட ஒரு ஆள் இருந்தா டேங்க் வேலையை செய்யலாம். இடம் திறந்தவெளியா இருக்கணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போய் பள்ளத்துல தேங்கும், அதனால பிட் இருக்கற பட்டறையில பிட்டுக்குள்ள இறங்கி டேங்க் கழட்டுறது ரொம்ப தப்பு. பக்கத்துல மோட்டார் ரூம், இன்வெர்ட்டர், பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. குண்டு பல்பு போட்ட கை லைட் வேண்டாம், பெட்ரோல் சொட்டி பல்பு உடைஞ்சா அந்த இழையே போதும். பவுடர் தீயணைப்பான் ஒண்ணு, ரெண்டு வாளி மணல். பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா தீ தண்ணி மேல மிதந்துகிட்டே பரவும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வச்சே ஆகணும், வாடகைக்கு கிடைக்குது. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி வைக்கிறவங்க இருக்காங்க, ஹாலோ பிளாக் விரிசல் கூட காட்டாம ஒரே நொடியில பொடியாகும்.

மாட்டும்போது எந்த இடத்துல தப்பு நடக்கும்?

ஹோஸ்லதான். கார்பரேட்டர் 800-ல டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு போற லைன் ஒண்ணு, பம்ப்புக்கு போய் மிச்சமானது திரும்பி வர்ற ரிட்டர்ன் லைன் ஒண்ணு, ஆவி போற லைன் ஒண்ணு. போற லைனோட குழாய் டேங்க் அடிமட்டம் வரைக்கும் இறங்கியிருக்கும், ரிட்டர்ன் மேலயே நின்னுரும். இந்த ரெண்டையும் மாத்தி சொருகிட்டா வண்டி ஃபுல் டேங்க்ல அருமையா ஓடும், பெட்ரோல் குறைய குறைய திடீர்னு ரோட்டுல நின்னுரும், மீட்டர் பாதி காட்டும், ஆனா இன்ஜினுக்கு பெட்ரோல் வராது. கார்பரேட்டர் கழட்டி, பம்ப் மாத்தி, பிளக் மாத்தி காசு செலவு பண்ணினவங்களை எனக்கு தெரியும், காரணம் இந்த ரெண்டு ஹோஸ். கழட்டும்போதே ஒவ்வொண்ணுக்கும் கலர் டேப் சுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

பெட்ரோல் ஊத்துற பெரிய ஹோஸ் பக்கத்துலயே ஒரு சின்ன காத்து ஹோஸ் போகும், அது மடங்கிட்டா பங்க்ல பெட்ரோல் போடும்போது திரும்ப திரும்ப கட் ஆகும், இல்லன்னா வெளியில துப்பும். மீட்டர் வேலை செய்யலைன்னா எர்த் பாருங்க, டேங்க்குக்கு புதுசா பெயின்ட் அடிச்சு ரப்பர் வச்சு மாட்டினதுல டேங்க்குக்கும் பாடிக்கும் தொடர்பு விட்டுப் போயிருக்கும், ஒரு சின்ன வயர் இழுத்து பாடியில முடுக்கினா சரியாகும். கடைசியா, டேங்க்குக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல இருந்த ரப்பர் அட்டையை பழசுன்னு தூக்கிப் போட்டா அதே மாதிரி வெட்டி வைங்க, இல்லன்னா உரசி உரசி அங்க திரும்ப ஓட்டை.

மாத்தி ரெண்டு வாரம்தான் ஆச்சு, வண்டி இழுக்க மாட்டேங்குது, மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டு விட்டு ஓடுறது) வருது

ஃபில்டரை மாத்துங்க. எவ்வளவு கழுவினாலும் டேங்க்ல கொஞ்சம் தூசி இருக்கும், அது முதல் 100 கிலோமீட்டர்ல ஃபில்டருக்கு வந்து சேரும், அதனால நான் உடனே ஒண்ணு, ஆயிரம் கிலோமீட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு ஃபில்டர் கையில வச்சுத்தான் ஆரம்பிச்சேன். அப்படியும் சரியாகலைன்னா வண்டி திணறும்போது டேங்க் மூடியை திறந்து பாருங்க, புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து வண்டி சரியாச்சுன்னா காத்து வழி அடைச்சிருக்கு.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால டேங்க் சீக்கிரம் போகுதா?

எத்தனால் ஈரத்தை இழுக்கற பொருள், அதுதான் விஷயம். 2022-ல 10 சதவீதம், 2025-ல 20 சதவீதம்னு கலப்பு ஏறிடுச்சு, 1997-ல செஞ்ச வண்டியோட ரப்பரும் டேங்க்கும் இதை நினைச்சு செஞ்சது இல்ல. தினமும் ஓடுற வண்டியில பெட்ரோல் வந்துகிட்டும் போய்க்கிட்டும் இருக்கறதால அவ்வளவு தெரியாது, மாசக்கணக்கா நிக்கிற வண்டியில ஈரம் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்துல தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில போய் உக்காந்துரும், அப்படி உக்கார்ற இடத்துலதான் தகடு அரிக்கும். பழைய வண்டியில படிஞ்சு கிடந்த பிசினையும் துருவையும் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும், ரப்பர் ஹோஸை ஊத வச்சு வெடிக்க வைக்கும். எத்தனால்ல சக்தி கம்மிங்கறதால மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும்.

டேங்க் இறக்கின கையோட பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க. கடையில சும்மா பெட்ரோல் ட்யூப்னு கேக்காம எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9)னு தரக் குறி அச்சு இருக்கற ஹோஸா கேளுங்க. விலை கூட, ஆனா பொறி பறக்கற இன்ஜின் பக்கத்துல போற ஹோஸ்ல மிச்சம் புடிக்க எனக்கு மனசு வரல.

சைலன்சர் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகுது? வெளியில பெயின்ட் அடிச்சும் போச்சே

உள்ள இருந்துதான் அரிக்குது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. வண்டி நல்லா சூடாகி அரை மணி நேரம் ஓடினா அது ஆவியாவே போயிடும். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் ஓடுற வண்டியில சைலன்சர் சூடாகறதுக்குள்ள நிறுத்திருவோம், தண்ணி உள்ளயே தங்கும், எரிஞ்ச வாயுவோட சேர்ந்து லேசா அமிலமாகும், இன்ஜின்ல இருந்து தூரமா இருக்கற கடைசி டப்பா முதல்ல போகும். அப்பா வண்டி எடுக்கறதே குறைஞ்சதுக்கு அப்புறம்தான் எங்க சைலன்சர் வேகமா போச்சு.

இதுல ஒண்ணு சொல்லணும். பல சைலன்சர் டப்பாவோட அடியில பென்சில் முனை அளவுக்கு ஒரு ஓட்டை கம்பெனியே போட்டிருக்கும், தண்ணி வடியறதுக்கு. அதுல சொட்டு சொட்டா தண்ணி வர்றதைப் பாத்து ஓட்டைன்னு நினைச்சு வெல்டிங் வச்சு அடைக்கிறவங்க நிறைய பேர். அடைச்சா ஒரு மழைக்காலம் கூட தாங்காது.

எங்க ஓட்டைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

காலையில வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி ஒரு ஆளை தடிச்ச ஈரத்துணியால பைப் வாயை ஒரு சில விநாடி லேசா மூடச் சொல்லுங்க, எங்க கசியுதோ அங்க உஸ்ஸுன்னு சத்தம் வரும், கரும்புகை படிஞ்ச தடமும் இருக்கும். ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் நின்னு போச்சுன்னா மேனிஃபோல்டு (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் இரும்புக் குழாய்) பேக்கிங் இல்லன்னா மேனிஃபோல்டுல கீறல், இரும்பு சூட்டுல விரிஞ்சு கீறல் மூடிக்குது, அவ்வளவுதான், சரியாகலை. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கும்போது பின்னாடி டப் டப்னு வெடிச்சா காத்து எங்கயோ உள்ள போகுது.

ஒட்டு போடலாமா, மொத்தமா மாத்தணுமா?

சுத்தியலோட பின்பக்கத்தால லேசா தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா தகடு இருக்கு, ஒட்டு போடலாம். சத்தமில்லாம அமுங்கினா வேஸ்ட், அதுல வெல்டிங் வச்சா ஓட்டை பெருசாகிட்டே போகும். மெல்லிசு தகடுங்கறதால ஆர்க் வெல்டிங் பொத்துரும், கேஸ் வெல்டிங் இல்லன்னா மிக் வெல்டிங் இருக்கற பட்டறையா பாருங்க. சைலன்சர் பசை, பேண்டேஜ் சுத்துறதெல்லாம் ஊர் போய் சேர.

முன் பைப் நல்லா இருந்து கடைசி டப்பா மட்டும் போயிருந்தா டப்பாவை மட்டும் மாத்துங்க. பைப் வளைச்சுக் குடுக்கறவர் பெரிய சைஸ் போட்டா பிக்கப் ஏறும்னு சொல்வாரு, 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜினுக்கு அது வேண்டாம், கீழ இழுவை குறைஞ்சு சத்தம்தான் ஏறும். தொங்க விடற ரப்பர் ரிங் எல்லாம் புதுசு போடுங்க, ஒண்ணு அறுந்திருந்தா பாரம் முழுக்க முன்னாடி மேனிஃபோல்டுல தொங்கும், கீறல் விழறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மேனிஃபோல்டு ஸ்டட் (அதை இன்ஜினோட முடுக்கி வைக்கற மரைக் கம்பி) உடைஞ்சிருச்சு, என்ன பண்றது?

இனிமே உடையாம இருக்க, முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, காலையில திரும்ப அடிங்க, ரிங் ஸ்பேனர் போட்டு கொஞ்சம் கழட்டி, கொஞ்சம் முடுக்கி, திரும்ப கழட்டின்னு அசைச்சு அசைச்சு எடுக்கணும். உடைஞ்சது வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா அது மேல நட்டு வச்சு வெல்டிங் பண்ணி திருகலாம். உள்ள உடைஞ்சிருந்தா நடு மையம் பாத்து துளை போட்டு எடுக்கணும், அதை லேத்காரர்கிட்ட விட்டுருங்க, ஹெட் அலுமினியம், துளை சாய்ஞ்சா பெரிய செலவு. திரும்ப மாட்டும்போது புது பேக்கிங், நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமா முடுக்கணும்.

சத்தம்தானே, கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாமா?

சத்தம் மட்டும்னா நான் இவ்வளவு எழுத மாட்டேன். எரிஞ்ச புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்ல, மணம் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுற இடத்துல அதை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். ஓட்டை ஃப்ளோருக்கு கீழ இருந்து, ஃப்ளோர்லயும் துரு ஓட்டை இருந்தா நேரா உள்ள வரும். 800 மாதிரி பின்கதவு தூக்கற வண்டியில கதவு ரப்பர் தேய்ஞ்சிருந்தா ஓடும்போது பின்னாடி புகையை அது உள்ள இழுக்கும். லாங் டிரைவ்ல பின் சீட்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு தலைவலி, குமட்டல், அசதி வந்து இறங்கினதும் சரியாகுதுன்னா கார் ஒத்துக்கலைன்னு விட்டுறாதீங்க, அடியில பாருங்க. சரி பண்ற வரைக்கும் ஜன்னல் எல்லாம் திறந்து ஓட்டுங்க, ஏசி போட்டுட்டு நின்ன வண்டியில தூங்கவே கூடாது.

புகை சோதனையில பாஸ் ஆகுமா?

2000-க்கு முந்தின பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரைக்கும் விடறாங்க, நல்லா டியூன் பண்ண கார்பரேட்டர் வண்டி இதுக்குள்ள வந்துரும். ஓட்டை வழியா காத்து உள்ள போனா மெஷின்ல அளவு கம்மியா காட்டும், அதை நம்பி கார்பரேட்டர் செட் பண்ணாதீங்க, சைலன்சர் சரி பண்ணின அப்புறம் டியூனிங்.

என் வண்டியில கேட் கன்வர்ட்டர் (புகையில இருக்கற நச்சு வாயுவைக் குறைக்கற டப்பா) இருக்கு, எடுத்துட்டா பிக்கப் வரும்ங்கறாங்க?

எடுக்காதீங்க. 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தப்போதான் புது கார்ல இதை போட ஆரம்பிச்சாங்க, ஈயம் பட்டா கேட் செத்துரும்ங்கறதால ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. அதை எடுக்கறது சட்டப்படி தப்பு, நம்ம பின்னாடி டூவீலர்ல வர்றவங்க மூஞ்சிக்கு அந்த புகை போகும். அடைச்சிருந்தா அதுக்கு காரணமான மிஸ்ஸிங்கை சரி பண்ணிட்டு வேற கேட் போடுங்க. சைலன்சர் மேல இருக்கற தகட்டு மறைப்பு கடகடன்னு ஆடுதுன்னு சில பட்டறையில புடுங்கிப் போட்டுருவாங்க, அது சூடு டேங்க் பக்கமும் ஃப்ளோர் பக்கமும் போகாம தடுக்கறது, கிளாம்ப் போட்டு திரும்ப மாட்டச் சொல்லுங்க.

கழட்டின பழைய டேங்க்கை என்ன பண்றது?

பழைய இரும்புக் கடைக்கு அப்படியே தூக்கிப் போடாதீங்க. அங்க கேஸ் கட்டர் வச்சுத்தான் துண்டு போடுவாங்க, அவருக்கு அது என்ன டேங்க்னு தெரியாது. நான் மூடி, யூனிட் எல்லாம் கழட்டி, சோப்புத் தண்ணி விட்டு அலசி, வாயை திறந்தே வச்சு ரெண்டு வாரம் மொட்டை மாடி வெயில்ல போட்டேன், மேல வெள்ளை பெயின்ட்ல பெட்ரோல் டேங்க், கேஸ் கட்டர் வைக்காதேன்னு கொட்டை எழுத்துல எழுதினேன், குடுக்கும்போது வாயாலயும் சொன்னேன். அவர் அதை தனியா எடுத்து வச்சு, சம்மட்டியால தட்டி நசுக்கித்தான் போடுவோம்னு சொன்னாரு.